வேங்கையின் மூக்கில் இரத்தம்

மட்டக்களப்பு வவுணதீவின் வயல்வெளியான வட்டையில் சீதேவிப்பிள்ளையின் வயலும், செத்துப்போன அவள் புருஷனின் தம்பி வினாயகமூர்த்தியின் வயலும் அடுத்தடுத்து இருந்தன. வரம்பை அவன் வெட்டித் தின்கிறான் என்று அவளுக்கு ஐந்து வருடக் கோபம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு அவளுடைய நாய் வேங்கை அவன் கன்றைக் கடித்தபோது, "ஒரு நாளைக்கு அத முடிச்சுப்போடுவன்" என்று நாலுபேர் கேட்கச் சொன்னான்.

இரண்டு கிழமையில் வேங்கை சோற்றை முகர்ந்தும் பார்க்கவில்லை. உடம்பு கொதித்தது. ஆறாம் நாள் மூக்கால் இரத்தம் வடிந்தது.

சீதேவிப்பிள்ளை இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியடிக்குப் போனாள்.

"வாயில்லாச் சீவனுக்கு நஞ்சு வெச்சாயா மூர்த்தி?"

"நான் ஒண்டும் வெக்கல்ல மதினி."

"மதினியெண்டு கூப்பிடாத!"

"அப்ப போ. அது செத்தா நல்லம்தான்."

அந்தச் சொல் அவளுக்குப் போதும். மறுநாள் காலை நஞ்சான காஞ்சிரங்கொட்டையை இடித்துக் கருவாட்டில் பிசைந்து வேலிக்கு மேலால் எறிந்தாள். மூர்த்தியின் நாய் கறுப்பி மத்தியானத்துக்குள் கால்கள் வெட்டியிழுத்துச் செத்தது. அவள் நெஞ்சு குளிர்ந்தது.

மூன்று நாள் கழித்து, மாடுகளுக்கு ஊசி போட மிருக வைத்தியர் வாவித் துறை தாண்டி வந்தார். அவள் வேங்கையைக் காட்டினாள். அவர் காதை விரித்தார். ஆமணக்குக் கொட்டை போல உண்ணிகள். பல்முரசு வெளிறியிருந்தது, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள்.

"ஆரோ நஞ்சு வெச்சிட்டாங்க ஐயா."

"நஞ்செண்டா இத்தனை நாள் கிடக்குமா? இது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கக்குள்ள ஒரு கிருமி ரத்தத்துல இறங்குது."

"மருந்து?"

"என்னட்ட இல்ல. பக்கத்து வீட்டு நாயிலயும் உண்ணி பாக்கச் சொல்லு."

வேங்கை அன்று பின்னேரம் செத்தது. புதைத்த கையோடு மூர்த்தியின் வாசல் படலைக்குப் போனாள்.

"வேங்கைக்கு உண்ணிக் காய்ச்சலாம். நீ ஒண்டும் செய்யல்ல. கறுப்பியச் சாகடிச்சது நான்தான்."

"தெரியும். கருவாட்டுத் துண்டு வளவுக்குள்ள கிடந்தது."

"அப்ப ஏன் கேக்கல்ல?"

"கேக்க வந்திருந்தா ஒன்ன வெட்டியிருப்பன். இப்பவும் அந்தக் கோவந்தான். என்ட முகத்துல முழிக்காத, போ."

அவள் திரும்பி நடந்தாள்.

அந்தக் கிழமையே இரண்டு வயலிலும் பன்றி இறங்கியது. இருவரும் காவலுக்குப் பரண் கட்டினார்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி, முதுகு காட்டிக் கட்டினார்கள்.