சுட்டியின் வயிற்றுத் திரி

லியோனார்டின் தலைக்கு அடியில் தலையணையை எப்படி வைப்பது என்று சவப்பெட்டியைச் சுற்றி மூன்று பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி இருதயம்மாளின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. கொல்லையில் மாடு சுட்டி முனகிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள், சுட்டியை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று. நாலு தடவையும் தோளை அழுத்தி உட்கார வைத்து, புருஷன் முகத்தைப் பார்த்து அழும்மா என்றார்கள். அழுகையும் இவர்கள் சொல்லும் நேரத்துக்குத்தான் வர வேண்டுமாம்.

டிராம் நின்றுபோன வருஷம் அது. ராயபுரத்தில் தண்டவாளத்து ஓரம் மேய்ந்த சுட்டி, புல்லோடு இரும்புக் கம்பியையும் விழுங்கித் தொலைத்தது. வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் இடது பக்கத்து வயிற்றைக் கிழித்து, சாண் நீளக் கம்பியை எடுத்துத் தைத்தார்கள். நாலாம் நாள் தையல் வீங்கியது. வீக்கம் சில்லென்று இருந்து, அமுக்கினால் குழி விழுந்தால் பயமில்லை, இறுகிச் சுட்டால் உள்ளே சீழ் என்றார் டாக்டர். சுட்டது. அடித் தையல் ஒன்றைப் பிரித்துச் சீழை வடித்து, மிச்சமும் வடிய ஒரு துணித் திரியைச் செருகி, தினமும் மாற்றச் சொன்னார்.

அதற்கப்புறம் லியோனார்ட் மாட்டை விட்டு நகரவில்லை. தன் நெஞ்சுவலிக்கு ஒரு வாய் கஷாயம் குடிக்காத மனுஷன், மாட்டுப் புண்ணுக்கு வேளை தவறாமல் வெந்நீர் காய்ச்சினான். இருதயம்மாள் வாய்க்கு வந்தபடி ஏசிப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் திரி மாற்றிவிட்டு வந்து படுத்தவன், எழுந்திருக்கவேயில்லை. இருந்தது அந்த ஒரு கறவைதான். அதுவும் போனால் இரண்டு பெண்களோடு அவள் தெருவில் நிற்க வேண்டும்.

ஐந்தாவது தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. எழுந்து போனாள்.

கொல்லை கழுவிவிட்டதுபோல் இருந்தது. மாட்டின் தையல் முழுக்க மஞ்சளும் சாம்பலும் குழைத்து அப்பியிருந்தது. திரியைக் காணோம். கையை வைத்தாள். அனலாகக் கொதித்தது.

பின்னாலேயே கொழுந்தன் பாக்கியநாதன் வந்தான். சாமியார் வர்ற வூடு, கலீஜா ஒரு கந்தல் தொங்கிகினு நாறிச்சு, அதான் உருவிப் போட்டுட்டு மஞ்சா வெச்சு அடைச்சேன் என்றான். அதில் பெருமை வேறு.

தன் தலையில் அடித்துக்கொள்வதா, அவன் தலையில் அடிப்பதா என்று இருதயம்மாளுக்குத் தெரியவில்லை. சுத்தம் பண்ணுகிறானாம், சுத்தம்.

"அது கந்தல் இல்ல பாக்கியம், சீழு வடியற வழி. வழிய அடைச்சிட்டு வந்து நிக்கிற."

அவன் முகம் செத்துப்போயிற்று. அதற்குள் உள்ளிருந்து கூப்பிட்டார்கள். ஜெபம் முடிந்துவிட்டது, பெட்டியை மூட வேண்டும், கடைசியாக முகம் பார்க்க வா என்று. கொஞ்சம் நிறுத்தச் சொல் என்று பாக்கியநாதனை அனுப்பினாள். அவன் சொல்லிவிட்டு வந்து, மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டான்.

வெந்நீர் விட்டு மஞ்சளைச் சுரண்டினாள். சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் அடைப்பை விலக்கினாள். பொங்கி வந்த சீழ் அவள் கட்டியிருந்த புதுப்புடவையில் கொட்டியது. மாடு உதறிவிட்டுப் பெருமூச்சு விட்டது.

திரிக்குத் துணி தேடினாள். மாடத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. கொதிக்கவைத்துக் காயப்போட்ட துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒவ்வொன்றாகச் சுருட்டி அதில் அடுக்கி வைத்திருந்தான் லியோனார்ட், படுபாவி. அடுத்த ஞாயிறு வரைக்கும் காணும். யாரும் சொல்லாமலே இருதயம்மாளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒன்றை எடுத்துச் செருகினாள்.

கை கழுவியும் வாடை போகவில்லை. பெட்டியருகே அவள் வந்ததும் துக்கத்துக்கு வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படாமல் புருஷன் காதோரம் குனிந்தாள்.

"சீழு வடிஞ்சி போச்சி. புதுத் திரி வெச்சிட்டேன்."

அப்புறம் நிமிர்ந்து, மூடலாம் என்றாள்.