முட்டி போடாத ஊர்

வானத்திலிருந்து ஒரு பறக்கும் தட்டு இறங்கி வந்து சார்மினாருக்கு மேலே நின்றால் ஹைதராபாத்துக்காரன் என்ன செய்வான்? இதற்குப் பதில் எழுதி அனுப்பிய புண்ணியவான் ஹைதராபாத்தை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. எல்லோரும் முட்டி போட்டு, நெற்றியைத் தரையில் வைத்து நடுங்குவார்கள் என்று எழுதியிருந்தான். நடுங்குவார்களாம்! ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கூடக் கேட்டால் ரோட்டையே மறித்து நியாயம் பேசுகிற ஊர் இது.

ரஞ்சனா அந்தக் குறிப்பைத் திரையில் இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு கச்சிபௌலியில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை. 2007-ஆம் வருஷம், பாதி ஊர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த காலம். வெளிநாட்டில் யாரோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தூசி தட்டி, கலரில் மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு கிரகத்திலிருந்து ஒருத்தன் வருவான், உலகம் மிரளும், அவ்வளவுதான் கதை. அதில் உலகத்து நகரங்கள் ஒவ்வொன்றாக மண்டியிடுகிற இடம் ஒன்று வரும். ஹைதராபாத் வருகிற நாலே நாலு விநாடியை இவர்களிடம் கொடுத்திருந்தார்கள். செய்து முடித்தால் படத்தின் கடைசியில் ஓடுகிற பெயர்களோடு இவர்கள் பெயரும் ஓடும். அடுத்தவர் படத்தில் நடிகர்களைத் தூக்கிப் பிடித்த கம்பியை அழித்து, வானத்தை ஒட்டி, மாடாய் உழைத்த ரஞ்சனாவின் பெயர் அதுவரை ஒரு படத்திலும் வந்ததில்லை.

அவளைவிட அவள் அப்பா தேவராஜுக்குத்தான் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து, செகந்திராபாத் மிலிட்டரி முகாமை ஒட்டிய லோத்குண்டாவில் வேரூன்றிய குடும்பம். அவர் பாலாநகர் தொழிற்சாலையில் விமானக் கருவிகளுக்கு ஈயம் பற்றவைத்தே ரிட்டையர் ஆனவர். "எந்த ஏரோப்ளேன்லயாவது தேவராஜ்னு எழுதியிருக்கானா?" என்று கேட்டுவிட்டு அவரே உதட்டைப் பிதுக்குவார். மகள் விஷயத்தைச் சொன்ன அன்றே தெரு முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. மிலிட்டரி கேட்டில் நிற்கிற காவல்காரருக்குக்கூடத் தெரியும்.

"இங்கிலீஷ் படம்யா! ரஞ்சனா தேவராஜ்னு வரும். அவ பேரோட என் பேரும் ஒட்டிக்கிட்டு வரும், ஹவ், ஆமாய்யா!" என்று பக்கத்து வீட்டு ஜம்புநாதனிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஜம்புநாதன் அப்போதே தெருவுக்கே டிக்கெட் எடுப்பது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் ஆபீஸ் ஆட்களையே மொட்டை மாடிக்கு விரட்டுவது அங்கே வழக்கம். பச்சைத் துணிக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்காகப் பெருக்கிக்கொள்வார்கள். அன்றைக்குக் காலையில் கேன்டீன் நாகம்மா வரை எல்லோரும் மேலே வந்தார்கள். கேமரா ஓடத் தொடங்கியது. முதலில் சும்மா மேலே பார்க்கச் சொன்ன மேனேஜர் புருஷோத்தமன், பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"இப்போ எல்லாரும் டவுன்! முட்டி போடுங்க! நெத்தி தரைல படணும். பயம் வேணும், பயம்!"

ஆட்கள் குறைகிறார்கள் என்று அவரே முன்வரிசையில் முட்டி போட்டார். வீட்டுப்பாடம் எழுதாத வகுப்பு மாதிரி மொத்தக் கூட்டமும் இறங்கியது. ரஞ்சனா மட்டும் கொடிக்கம்பமாய் நின்றாள்.

"ரஞ்சனா, உனக்குத் தனியாச் சொல்லணுமா?"

"எனக்கு நக்கோ சார்."

"என்னம்மா நக்கோ?"

"முட்டி போட மாட்டேன். கணக்குல முட்டை வாங்கினதுக்கு டீச்சர் போடச் சொன்னப்பவே நான் போடல. அடி வாங்கிட்டு நின்னேன். எவனோ சொல்லாம கொள்ளாம நம்ம ஊருக்கு மேல வந்து நிப்பான், அதுக்கு நான் ஏன் முட்டி போடணும்?"

"நடிப்பும்மா இது! நிஜத்துல தட்டு எங்கே இருக்கு?"

"தட்டு பொய்தான் சார். முட்டி என்னோடதாச்சே."

கீழக்கரை இர்பான் மெல்ல எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டான். "எனக்கும் வேணாம் சார். தொழுகையில வைக்கிற நெத்திய ஒரு தட்டுக்கு முன்னால வச்சேன்னு வாப்பாகிட்ட எந்த முகத்தோட சொல்ல?"

கோயமுத்தூர் தினேஷ் முட்டி போட்டபடியே அண்ணாந்து பார்த்தான். "ஏனுங்க, முட்டிதானுங்களே? கொஞ்ச நேரம் வெயில்ல இருந்தாப் போச்சு. பேரு வருமுங்க!" பாவம், அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டில் அவன் வேலையைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. பெயர் வந்தால் கையைக் காட்டிச் சொல்லலாம்.

புருஷோத்தமன் தலையில் அடித்துக்கொண்டு, இருப்பவர்களை வைத்து எடுத்து முடித்தார். ஆனால் அத்தனையையும் சேர்த்துக் காட்சியாக்க வேண்டியவள் ரஞ்சனாதான். மற்றவர்கள் முட்டி போட்ட பகுதியை அவள் தொடவே இல்லை. அதற்கு முன்னால் சும்மா மேலே பார்த்தபோது எடுத்ததை மட்டும் வெட்டி வைத்தாள். அதில் நாகம்மா இடுப்பில் கை வைத்து, தண்ணீர் லாரி லேட்டாக வந்தால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். இர்பான் செல்போனில் படம் எடுத்தான். தினேஷ் நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டான். இவர்களை நாலாயிரம் பேராக்கி சார்மினாரைச் சுற்றி நிறுத்தினாள். தட்டு தலைக்கு மேலே வந்தது. ஒருத்தரும் குனியவில்லை. அதைப் பார்த்ததும் ரஞ்சனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் என் ஊர், வேறு எப்படி இருக்கும்?

"அனுப்பட்டுமா சார்?"

"நானே அனுப்பறேன். அவங்க வாயாலேயே வாங்கிக் கட்டிக்கோ" என்றார் புருஷோத்தமன்.

மறுநாள் போனில் பதில் வந்தது. ஒரு பெண் குரல், வெல்லமாய்ப் பேசியது. வேலை அற்புதம், ஆனால் பயம் இல்லை, முட்டி போட்டே ஆக வேண்டும். ஒரு வாரத்தில் வராவிட்டால் ஹைதராபாத்தை எடுத்துவிட்டு வேறு நகரத்தைப் போட்டுக்கொள்வார்களாம்.

"கேட்டியா? ஊர் போனா பேரும் போச்சு" என்றார் புருஷோத்தமன். "உன் பேரு மட்டுமில்ல. டீம்ல ஏழு பேரோட பேரும். உன் வீறாப்புக்கு அவங்க ஏன் அழணும்?"

இது சுருக்கென்று தைத்தது. கம்பெனி பஸ்ஸில் வீடு போய்ச் சேரும் வரை அவளுக்கு ஆறவில்லை. தன் பெயரை விடலாம், அது அவள் பாடு. தினேஷின் பெயரை விட இவள் யார்? வீட்டில் அப்பா வாசலிலேயே, "எப்பம்மா ரிலீஸ்? ஜம்பு நச்சரிக்கிறான்" என்றார். தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

காலையில் டீமைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். "நான் இதச் செய்ய மாட்டேன். ஆனா உங்க பேரப் பிடிச்சு வைக்கவும் மாட்டேன். முட்டி போட்டது பூரா தினேஷ் மெஷின்ல இருக்கு. அவருக்கும் இந்த வேலை தெரியும். செஞ்சு அனுப்புங்க, நான் ஒரு வார்த்தை பேசல. என் பேர மட்டும் எடுத்துருங்க."

தினேஷ் அவள் முகத்தைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு முழுக்க, அடுத்த நாளும், டீ குடிக்கக்கூட எழவில்லை. ரஞ்சனா சொன்ன சொல்படி அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவனே கூப்பிட்டான். எல்லோரும் அவன் பின்னால் போய் நின்றார்கள்.

திரையில் நாலாயிரம் பேர் முட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். நெற்றி ஒழுங்காகத் தரையில் பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் அதில் முக்கால்வாசி தினேஷ். சார்மினாரை ஒட்டிய பத்தர்கட்டி பஜாரில் வளையல் கடைகளின் ஓரமாக தினேஷ், மசூதிப் படியில் தினேஷ், நடுத்தெருவில் வரிசை வரிசையாக தினேஷ், எல்லாரும் நெற்றியைத் தரையில் அழுத்தி நடுங்கிக்கொண்டு. மீதியில் பாதி புருஷோத்தமனின் வழுக்கை.

"ஏனுங்க," என்றான் தினேஷ். "இதையா நான் பொண்ணு வீட்டுல காட்டறது? பாருங்க, இதுதான் நானுன்னு? நாலாயிரம் தடவ முட்டி போட்டு வாங்குன பேருங்கன்னு?" சட்டென்று அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எவனுங்க அவன், எங்களப் பாக்காமயே எழுதறதுக்கு? ஆகாதுங்க. நான் அனுப்ப மாட்டேன். பேரு வேணுமுன்னா அவனே வெச்சுக்கட்டும்!"

புருஷோத்தமன் குனிந்து தன் வழுக்கையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "என் பொண்டாட்டி பார்த்தா மானம் போயிடும்டா" என்று முணுமுணுத்தார். பிறகு, "எல்லாருமாச் சேர்ந்து என் கழுத்த அறுங்க" என்று கத்திவிட்டு, அறைக்குப் போய், சில தொழில்நுட்பக் காரணங்களால் ஹைதராபாத்தை மண்டியிட வைக்க இயலவில்லை என்று எழுதி அனுப்பினார். அந்த வருஷம் ரஞ்சனாவுக்குச் சம்பளம் ஏறவில்லை. அதையும் அவர் மறக்காமல் செய்தார்.

அப்பாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். தேவராஜ் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரு முட்டி போட்டிருந்தா என்ன தேஞ்சா போயிருப்ப? நான் எத்தன சூப்பர்வைசருக்குக் கைகட்டி நின்னிருக்கேன் தெரியுமா? இந்த வீடு அதுல வந்தது. தெருவுல எப்படித் தலை காட்டுவேன்?"

"நீங்க கைகட்டி நின்னீங்க, நான் படிச்சேன். திரும்ப நானும் அதையே செய்யறதுக்காப்பா?" என்றாள் ரஞ்சனா. அவள் குரலும் உயர்ந்துவிட்டது. அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து பேச்சில்லை. தெருவில் யாரிடமும் அவர் உண்மையைச் சொல்லவும் இல்லை, சொல்ல வாய் வரவில்லை.

படம் வந்தது. ஜம்புநாதன் சொன்னபடியே செகந்திராபாத் தியேட்டரில் இரண்டு வரிசைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். வராமல் இருந்தால் சந்தேகப்படுவார்களே என்று தேவராஜும் வந்து, மகளுக்கு எதிர்க்கோடியில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்.

இடைவேளைக்குப் பிறகு அந்த இடம் வந்தது. லண்டன் முட்டி போட்டது. டோக்கியோ போட்டது. கெய்ரோ, அப்புறம் பெயர் தெரியாத ஏதோ ஒரு ஊர், எல்லாம் நெற்றியைத் தரையில் வைத்து நடுங்கின. தேவராஜ் நிமிர்ந்து பார்த்தார். கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், குழந்தைகள், ஒருத்தர் விடாமல் முட்டி போட்டார்கள். காட்சி மாறிவிட்டது.

"தேவராஜு, நம்ம ஊரு எங்கய்யா?" என்றார் ஜம்புநாதன்.

தேவராஜ் இருட்டில் வரிசையின் இந்தக் கோடி வரைக்கும் எட்டி மகளைப் பார்த்தார். ரஞ்சனாவும் பார்த்தாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கின. கூட்டம் செருப்பைத் தேடியது. லோத்குண்டாக்காரர்கள் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைத் துழாவினார்கள். ரஞ்சனாவுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போது தேவராஜ் எழுந்து, வழியை மறித்து நின்றார்.

"உக்காருங்கய்யா! ஒருத்தரும் போகக் கூடாது. முழுசாப் பாருங்க."

பார்த்தார்கள். நூற்றுக்கணக்கில் ஓடிய பெயர்கள் ஓடி முடிந்து, திரை கறுத்தது.

"இல்லையேய்யா?" என்றார் ஜம்புநாதன், பரிதாபமாக.

"இல்ல! எப்படி இருக்கும்?" தேவராஜ் இரண்டு கையையும் அகல விரித்தார். கதவருகே போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "உலகமே முட்டி போட்டுச்சே, பாத்தீங்கல்ல? நம்ம ஊரு போடல. போட வைக்கச் சொன்னான், எம்பொண்ணு நக்கோன்னுட்டா. நல்லாக் கேட்டுக்குங்கய்யா, எம்பொண்ணு பேரு இதுல கிடையாது!"