ஆறாவது இறக்கை

அன்று படகில் இருந்தவர்கள்: ஸ்ராங்கு முகமது இஸ்மாயில், வயது ஐம்பத்தேழு, படகை ஓட்டுகிறவர். மெக்கானிக் மாரிச்செல்வம், தூத்துக்குடிக்காரர், நூற்றுப் பதினெட்டு கிலோ. நான், பிச்சைமணி, ஐம்பத்திரண்டு கிலோ. முதலாளி ஷிபு போனில் இருந்தார். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றும் இருந்தது. அதற்குப் போக வேறு இடமில்லை.

என் எடைதான் என் தகுதி. இந்த வேலைக்கு முன் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்த்தேன். பகலில் தூக்கம் வராததால் பதினோராவது மாதம் நின்றுவிட்டேன். மாரிச்செல்வம் என்னைச் சாயாக்கடையில் பார்த்து, என் பெயரைக் கேட்பதற்கு முன் கையை நீட்டச் சொன்னார். முழங்கைவரை தடவிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வரச் சொன்னார். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அதுவரை என் கையை யாரும் மெச்சியதில்லை.

அந்தப் படகு மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போவது. எஞ்சினை இறக்கியபோது அதில் கக்கூஸ் கிடையாது. பிறகு வந்த பயணிகள் கேட்டார்கள் என்று ஷிபு ஒன்று கட்டினார், எஞ்சினுக்குப் பின்னால், ஒட்டினாற்போல். தச்சர் உட்காருகிற ஆளுக்கு அளவெடுத்தார், ஸ்பானருக்கு எடுக்கவில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலரின் மூடி கக்கூஸ் சுவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அதைத் திறக்க வேண்டுமானால் கக்கூஸுக்குள் போய், கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி படுத்து, சுவர்ப் பலகையின் பதினெட்டு திருகாணிகளைக் கழற்ற வேண்டும். கட்டியதிலிருந்து யாரும் கழற்றவில்லை. படகு ஜெட்டியில் கிடக்கும்போது மீன்காரர்கள் வந்து போனதால் கக்கூஸுக்கு வெளிப்பக்கம் கொண்டியும் பூட்டும் போட்டிருந்தார்கள். சாவி ஸ்ராங்கிடம்.

போன மாதம் முப்பத்திரண்டு பேரோடு போகும்போது, கப்பல் போகும் வழியின் நட்டநடுவில் எஞ்சின் சூடேறி நின்றது. ஒரு சரக்குக் கப்பல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இழுவைப் படகு வந்து இழுத்துப் போட்டது. இன்னொரு முறை இப்படி நின்றால் ஸ்ராங்கு லைசென்ஸ் போய்விடும் என்று இஸ்மாயிலுக்குக் காகிதம் வந்தது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். குனியும்போதெல்லாம் அது எட்டிப் பார்க்கும்.

கோளாறு கடல் தண்ணீரை இழுக்கும் பம்பில். அதற்குள் ரப்பரால் ஆன ஒரு சக்கரம் சுற்றும், இம்பெல்லர் என்பார்கள். அதற்கு ஆறு இறக்கைகள். பிய்ந்துபோனால் புதிதாக மாட்டலாம். ஆனால் பிய்ந்த துண்டுகள் தண்ணீரோடு போய் எங்காவது அடைத்துக்கொள்ளும். அதனால் இஸ்மாயிலுக்கு ஒரு வழக்கம். மேல்தளத்தில் செய்தித்தாளை விரித்து, கழற்றியதையெல்லாம் அதில் வைப்பார். துண்டுகள் சேர்ந்து ஆறாக வேண்டும். ஆறாகாமல் மூடிய எஞ்சினை அவர் ஓட்டமாட்டார். பழைய நாட்களில் இதற்காக இரண்டு நாள் ஜெட்டியிலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

பம்ப் எஞ்சினுக்கும் படகின் பக்கச் சுவருக்கும் நடுவே, ஆறு அங்குல இடைவெளியில் இருந்தது. நான் எஞ்சின் மேல் கவிழ்ந்து படுத்து, கன்னத்தை வால்வு மூடியில் வைத்து, இடது கையைத் தோள்வரை விட்டேன். கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரல்தான் பார்க்கும். இம்பெல்லர் வந்தபோது மூன்று இறக்கைகள் அதில் இருந்தன. மூன்றைக் காணோம். ஒன்று பம்புக்குள்ளேயே கிடந்தது. இன்னொன்று பம்பிலிருந்து கூலருக்குப் போகும் ஹோஸின் வாயில். அதோடு சரி.

“அஞ்சாயி,” என்றார் மேலிருந்து இஸ்மாயில்.

ஆறாவது கூலருக்குள்தான் இருக்க வேண்டும். மூவருக்கும் அது தெரியும். மூவரும் கக்கூஸ் கதவைப் பார்த்தோம். மாரிச்செல்வம் பம்ப் மூடிக்கு வைக்கும் கேஸ்கெட் வாங்கி வருவதாகச் சொல்லி பஜார் ரோட்டுக்குக் கிளம்பினார். அதுவரை ஹோஸிலேயே இன்னும் கொஞ்சம் தேடச் சொன்னார்.

ஷிபு போன் செய்தார். கல்யாணப் போட்டோ எடுக்க நாலு மணிக்கு இருபத்தெட்டுப் பேர் வருகிறார்கள், பெண்ணுக்கு மேக்கப் தொடங்கிவிட்டது, ஒரு ரப்பர் துண்டுக்காக மேக்கப்பை நிறுத்த முடியுமா என்று கேட்டார். இதை என்னிடம் ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. இஸ்மாயிலிடம் கேட்க அவருக்கும் பயம்.

எனக்குத் தோள் விட்டுப்போயிருந்தது. கருவிப் பெட்டிக்கு அடியில், மண்ணெண்ணெய் டப்பாவில் பழைய இம்பெல்லர் ஒன்று ஊறிக் கிடந்தது. பிளேடால் ஒரு இறக்கையை அறுத்து, நுனியைப் பல்லால் கடித்துப் பிய்ந்ததுபோல் ஆக்கினேன். கிரீஸில் புரட்டி மேலே நீட்டினேன்.

“கிட்டியோ மணீ?”

“ஹோஸுக்குள்ள இருந்துச்சு இக்கா.”

அவர் வாங்கிக்கொண்டார். செய்தித்தாளில் வைத்தார். எண்ணினார். பிறகு ஜெட்டியில் இறங்கிப் போய் எனக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்தார். நான் வேலைக்கு வந்த நாலு நாளில் அவர் எனக்கு வாங்கித் தந்த முதல் சாயா. குடித்தேன். சர்க்கரை கூடுதல்.

புது இம்பெல்லரை மாட்டினேன். மூடியின் ஆறு திருகாணிகளில் நான்காவதைத் தேடி விரல் போய்க்கொண்டிருந்தபோது மாரிச்செல்வத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. தலையை உயர்த்த முடியாது. எஞ்சின் அறையின் திறப்பு வழியாக இஸ்மாயிலின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. மாரிச்செல்வம் மூச்சு வாங்கக் குனிந்து, எனக்கு அந்தப் பக்கம் கழற்றி வைத்திருந்த ஹோஸைத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“இந்தா இக்கா, கெடச்சிட்டு. ஹோஸ் வளைவுல ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு.”

நான் கத்தியிருக்கலாம். என்ன கத்துவது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் செய்தித்தாள் சரசரத்தது.

“ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்று இஸ்மாயில் எண்ணினார். அவசரமே இல்லை. “ஏழு.”

பாதங்கள் அசையவில்லை. வைப்பின் தீவுக்குப் போகும் ஏதோ ஒரு படகின் அலை வந்து எங்கள் படகைத் தூக்கி இறக்கியது.

“பழைய இம்பெல்லரோடதா இருக்கும் இக்கா,” என்றார் மாரிச்செல்வம். “முன்னாடி பிஞ்சு உள்ளயே கெடந்திருக்கும்.”

நல்ல பதில்தான். எனக்கே தோன்றவில்லை.

இஸ்மாயில் என்னை மேலே வரச் சொன்னார். கையை உருவி எடுத்து வந்தேன். அவர் துண்டுகளை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்; அதில் மண்ணெண்ணெய் வாசனை. இன்னொன்றை முகர்ந்துவிட்டு மாரிச்செல்வத்தைப் பார்த்தார். அதில் புது ரப்பரில் பூசி வரும் வெள்ளைப் பவுடர்கூடப் போகவில்லை. கடையில் புதிதாக வாங்கி அறுத்திருக்கிறார். நானாவது பழையதை அறுத்தேன். இரண்டையும் தண்ணீரில் போட்டார். மூழ்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஜெட்டித் தூண் பக்கம் மிதந்து போயின. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அஞ்சு,” என்றார்.

மாரிச்செல்வம் என் பக்கம் திரும்பி, “ஏல, நீயுமால?” என்றார் மெதுவாக. அவர் குரலில் வருத்தம் இருந்தது. தொழிலில் ஒருவன் இவ்வளவு சீக்கிரம் தேறிவிடுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல.

இஸ்மாயில் ஷிபுவை அழைத்தார். இன்று படகு எடுக்கவில்லை என்றார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தம். மேக்கப் என்ற சொல் மூன்று முறை கேட்டது. இஸ்மாயில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாவி படகிலேயே இருக்கிறது, வந்து அவரே ஓட்டிக்கொள்ளலாம், கப்பல் வந்தால் வலதுபக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்லி போனை வைத்தார். ஷிபு வரவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது.

பிறகு எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். கூலரை உள்பக்கத்திலிருந்து அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மாரிச்செல்வம் எஞ்சின் அறைக்குள் இறங்கினார். இறங்க ஐந்து நிமிடமாயிற்று. காற்றுக்கு ஒரு சாண் விட்டுத் திறப்பை மூடி, அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலியை இஸ்மாயில் போட்டுக்கொண்டார். கீழிருந்து மாரிச்செல்வம் ஏதோ சொன்னார். கேட்கிற மாதிரி யாரும் உட்காரவில்லை.

எனக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பானர், டார்ச். இஸ்மாயில் கக்கூஸ் பூட்டைத் திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பினாயில் நாற்றம். பலகையின் திருகாணிகள் எல்லாம் துருவேறியிருந்தன. கோப்பைக்கும் சுவருக்கும் நடுவே என் தோள் நுழையுமா என்று பார்த்தேன். நுழையும்.

“இக்கா, உள்ள இல்லேன்னா?” என்றேன். “கடலுக்கே போயிருந்தா?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, பிய்ந்து கிடைத்த இரண்டு இறக்கைகளையும் அதற்குள் வைத்து மறுபடி மடித்துக்கொண்டார்.

“உள்ள நோக்கிட்டு, இல்லேன்னு சொல்லு. நோக்காம சொல்லண்டா. அது மதி.” அது போதுமாம்.

நான் உள்ளே போய் மண்டியிட்டேன். பின்னால் கதவு மூடிக்கொண்டது. கொண்டி விழுந்தது. பூட்டில் சாவி திரும்பியது.