கைகாரன்

காஞ்சிபுரத்திலிருந்து தென்னேரி வரைக்கும் ஒரு மனிதனின் நல்ல பெயருக்கு விலை பதினைந்து காசு. ஒரு டீ. வாங்கிக் கொடுத்தால் யாரைப் பற்றியும் யாரும் நல்லதாகவே சொல்வார்கள். பட்டுக்கடை தனசேகரனுக்கு இது தெரியும். தம் கடையைப் பற்றி நாலு பேர் பெருமையாகப் பேசுவதற்கு அவரும் அதே விலைதான் கொடுத்துவந்தார். ஆகவே, மகள் அலமுவுக்குப் பார்த்த மாப்பிள்ளையை விசாரிக்கத் தென்னேரி பஸ்ஸில் ஏறும்போதே, காதில் விழுவதைப் பாதி விலைக்குத்தான் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

மாப்பிள்ளை உமாபதி அந்த ஊரில் பம்புசெட்டு ரிப்பேர் ஷெட் வைத்திருந்தான். சாயங்காலம் பையனின் அப்பா பதில் கேட்க வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானித்தாக வேண்டும்.

தென்னேரியில் இறங்கியதும் டீக்கடைக் கண்ணாயிரத்திடம் மெதுவாகத் தூண்டில் போட்டார்.

“இந்த உமாபதி எப்படிபா?”

“இஞ்சின் விஷயமா? அட, கைகாரனாச்சே!”

தனசேகரனின் டம்ளர் பாதி வழியில் நின்றது. அவருடைய கடைத்தெருவில் கைகாரன் என்றால், ஒரு கையால் அசல் ஜரிகையைக் காட்டி மறு கையால் மட்டத்தை மடித்துக் கட்டுகிறவன்.

“கைகாரன்னா... எந்த மாதிரி?”

“எம்டன்னு வச்சிக்கோயேன்.”

பெஞ்சில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் கேட்காமலே சேர்ந்துகொண்டார். “கில்லாடிபா அவன்! எங்க இஞ்சினப் பார்த்துட்டு வாலாஜாபாத் மெக்கானிக்கு தூக்கிப் போடுன்னுட்டான். இவன் கைய வச்சான், இப்ப அலறிக்கினு ஓடுது.”

கையை வைத்தான் என்பதும் தனசேகரனுக்குப் பிடிக்கவில்லை. நேராகவே கேட்டுப் பார்த்தார். “ஆளு நல்லவன்தானே?”

“நல்லவன்தான். அதான் சொன்னேனே, கைகாரன்” என்று கண்ணாயிரம் கண்ணைச் சிமிட்டினான். அது குறிப்பா, அடுப்புப் புகையா என்று விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டினார். “கெட்டிக்காரன்னு ஒருத்தன் வாயிலயும் வரல ஜெயம்மா. கைகாரனாம், எம்டனாம், கில்லாடியாம். போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டி வச்ச பேரு மாதிரி இருக்குது.”

“பின்னே இன்னா சொல்லணும்? நிபுணர்னா?”

“நிபுணர்னா ரேடியோல வர்றவரு. உரம் எப்படிப் போடறதுன்னு சொல்லுவாரு, அவருக்குக் காணி நிலம் இருக்காது.”

“வித்வான்?”

“அது நாயனக்காரருக்கு.”

“ஸ்பெஷலிஸ்டு?”

“அது மூல வியாதிக்குப் போர்டு மாட்டிக்கினு ஒக்காந்திருக்கறவன்.”

“அப்ப அகராதியப் பார்த்துப் பொண்ணக் குடுங்க” என்றாள் ஜெயம்மாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அலமுவின் குரல் வந்தது. “அந்த இஞ்சின் ஓடுதாப்பா?”

“ஓடுதாம். அதான்மா சந்தேகமா இருக்குது.”

சாயங்காலம் பையனின் அப்பா குப்புசாமி தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தார். ‘ஜாதகத்தை இன்னொரு தரம் பார்த்துடலாம்’ என்று சொல்லித் தட்டிக் கழிக்கத் தனசேகரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். குப்புசாமி முந்திக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. நீங்க எங்க ஊருல டீ குடிச்ச நேரத்துல, நான் உங்க கடைத்தெருவுல டீ குடிச்சிக்கினு இருந்தேன்.”

தனசேகரன் நாற்காலி நுனிக்கு வந்தார். “இன்னா சொன்னாங்க?”

“எல்லாரும் ஒரே மாதிரிதான். ‘பட்டு வியாபாரத்துலயா? கைகாரராச்சே!’ன்னாங்க. எதிர்க்கடைக்காரரு எம்டன்னாரு. பூக்காரம்மா கில்லாடின்னுச்சு. கோயில் வாசல்ல ஒரு பெரியவரு, ‘பழம் தின்னு கொட்டை போட்டவரு’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. எங்க ஊருல இதுக்கு மேல பேரு வாங்கவே முடியாது. எங்க பையனுக்கும் இதே பேருதான். இதவிடப் பொருத்தம் இன்னா வேணும்?”

ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். தனசேகரன் யோசித்தார். சொல் மட்டம் என்றால் தாமும் மட்டம். அசல் என்றால் பையனும் அசல். தம் சரக்கைத் தாமே மட்டம் என்று சொல்லும் வியாபாரி உண்டா?

“நீங்க சொல்றது ரொம்பச் சரி சம்பந்தி” என்று தட்டை வாங்கிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது.

குப்புசாமியை வழியனுப்பிவிட்டு வந்தவர், நேரே அடுக்களை வாசலில் போய் நின்றார்.

“ஏன் ஜெயம்மா, எதிர்க்கடைக்காரன் எந்த அர்த்தத்துல சொல்லியிருப்பான்?”

“தென்னேரி அர்த்தத்துலன்னு வச்சிக்கோங்க.”

அவரால் அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. விரல் விட்டுக் கூட்டினார். மாப்பிள்ளை பேரில் கைகாரன், எம்டன், கில்லாடி. தம் பேரிலும் அந்த மூன்று. மூன்றுக்கு மூன்று கழிந்துபோயிற்று. பழம் தின்று கொட்டை போட்டது மட்டும் தம் பேரில் பாக்கி.