பச்சைச் சீட்டு

"சீட்டை மாத்தி ஒட்டுறது பாவமுங்க, ரைட்டர்" என்றார் நசுருதீன் பாய்.

உக்கடத்தில் அவருடைய வாடகை நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே காக்கி அட்டை. முதுகில் ஒட்டிய சீட்டுதான் அடையாளம். சிவப்பு க்ரைம். பச்சை குடும்பம்.

"ஒண்ணே ஒண்ணு, பாய்."

"உங்க பேர்ல பச்சையா? ஜனங்க என்னைய அடிக்க வருவாங்க!"

திருமலைசாமி சிரிக்கவில்லை. மாதம் ஒரு கொலை என்று பதினெட்டு வருஷம் எழுதியவர். இந்த ஒன்றில் மட்டும் கொலை கிடையாது. தொண்ணூற்று மூன்று ஐப்பசியில், பத்தொன்பது வயதில் செத்துப்போன மகள் அன்புக்கரசியின் கதை. பதிப்பாளரோ அட்டையில் துப்பாக்கி போட்டுவிட்டார். கொலைகாரனைத் தேடி ஏமாந்தவர்கள் திட்டிக் கடிதம் போட்டார்கள்.

அவர்கள் கிடக்கட்டும். அவருக்கு வேண்டியது ஒரே வாசகி. மனைவி ராமாத்தாள். புத்தகத்தை நீட்டியபோது, "ரத்தக்கதை எனக்கெதுக்குங்க" என்று பீரோ மேல் வைத்தவள்தான். அப்புறம் தொடவேயில்லை. ஆனால் வாரம் தவறாமல் பாயிடம் வந்து பச்சைச் சீட்டுப் புத்தகம் எடுத்துப் போவாள்.

மகள் செத்த அன்றைக்கு ராமாத்தாள் உடுமலைப்பேட்டையில், அண்ணன் வீட்டில் இருந்தாள். எழுதிக்கொண்டிருந்தவர் முன்னால் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "இந்த அத்தியாயத்தை முடிச்சுப்போட்டு வாரேன் கண்ணு" என்றார். முடிக்க நாலு மணி நேரம். குடல்வால் வெடித்துவிட்டது, முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதை மனைவி முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அறுபத்திரண்டாம் பக்கத்தில் எழுதி வைத்தார்.

பாய் பெருமூச்சு விட்டுப் பச்சையை ஒட்டினார்.

வியாழக்கிழமை ராமாத்தாள் எடுத்துப் போனாள். சனிக்கிழமை காலை அவள் துணிப்பையில் சேலைகளை மடித்து, மேலே அந்தப் புத்தகத்தையும் வைப்பதைப் பார்த்ததும், திருமலைசாமி நூலகத்துக்கு முந்திக்கொண்டு வந்து சிவப்பு அலமாரிக்குப் பின்னால் நின்றார்.

வந்தாள். புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்க பாய், சீட்டு மாறிப்போச்சுங்க. இதைச் சிவப்புல வெச்சுப்போடுங்க."

"இதுல கொலையே இல்லீங்களே, அம்மணி!"

"இருக்குதுங்க. அறுபத்திரண்டாம் பக்கத்துல பாருங்க."

பாய் பச்சை அலமாரிப் பக்கம் திரும்பினார். "வேற பச்சை ஏதாச்சும்..."

"வேண்டாமுங்க. அண்ணன் ஊட்டுக்குப் போறேன்."

உறுப்பினர் அட்டையையும் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். உடுமலை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. திருமலைசாமி அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.