கிட்டாருக்குப் பூசிய நீலம்

பெயின்ட் போன சாமானுக்கு யாராவது கூடுதல் விலை தருவார்களா? பாலக்கரையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. சைக்கிளை விற்பதற்கு முன் அதற்கு ஒரு கோட்டிங் கொடுப்பார்கள். வீட்டை விற்பதற்கு முன் வெள்ளை அடிப்பார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணுக்கே இரண்டு கோட்டிங் பவுடர் விழும். அதனால்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அந்த மனிதர் பேசப் பேச பேட்ரிசியாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் பெயர் சம்பத். உத்தர வீதியில் பிறந்து வளர்ந்து, மெட்ராஸில் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசிப்பவர். எண்பத்து மூன்றாம் வருஷ மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்காக ஊருக்கு வந்தவர், ஒரு சிநேகிதர் வீட்டு ரிசப்ஷனில் பேட்ரிசியா எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதைக் கேட்டுவிட்டார். மறுநாளே விலாசம் விசாரித்துக்கொண்டு பாலக்கரைக்கு வந்து, பளிச்சென்ற நாமத்தோடு அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

பார்க்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அது ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்தது. இப்போது வெயிலில் காய்ந்த மிளகாய்த் தோல் மாதிரி வெளுத்து, மேலெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விட்டிருந்தது. ஓரிடத்தில் பெயின்ட்டே இல்லை. அப்பா அற்புதசாமியின் முழங்கை இருபது வருஷம் உரசிய இடம் அது. பொன்மலையில் எஞ்சின் டிரைவராக இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது, கோயில் பாட்டுக் குழுவை நடத்திக்கொண்டிருந்த அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார். அப்பா இறந்தபின் பாட்டுக் குழுவில் அந்த இடத்துக்கு வேறு ஆள் தேடவேண்டிய அவசியம் வரவில்லை. பேட்ரிசியா போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இதுல யாரும் கை வைக்கலை. கம்பெனியில அடிச்ச அதே சிவப்பு" என்றார் சம்பத். "வெளிதேசத்துல இப்போ பழைய கிட்டார்களைத் தேடித் தேடிச் சேர்க்கறவா கிளம்பியிருக்கா. அவாளுக்கு இந்தப் பெயின்ட்தான் பிரதானம்."

"வெளுத்துப் போச்சே சார்."

"வெளுத்ததுக்குத்தான் காசு."

"வெடிப்பு விட்டிருக்குங்களே?"

"வெடிப்புக்கும் காசு."

"இந்த இடத்துல கட்டையே தெரியுதுங்க."

"அதுக்கு இன்னும் காசு" என்று சிரித்தார் சம்பத். "புதுசா பெயின்ட் அடிச்ச கிட்டார்னா பாதி விலைகூடப் பெறாது. சேர்க்கறவா திரும்பியே பார்க்க மாட்டா."

பேட்ரிசியா ஒரு விஷயம் மனதில் புகுந்துவிட்டால் அதைக் குடைந்து பார்க்காமல் விடமாட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை அவளுக்கு. இது மதுரை லைன், இது கோயமுத்தூர் லைன் என்று வெறும் இரைச்சலை வைத்தே சொல்லிவிடும் காது. அவள் கேட்க நினைத்தது காசைப் பற்றியல்ல.

"பெயின்ட் மாறினா சத்தம் மாறிடுமா சார்?"

சம்பத் நிமிர்ந்து பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "அதுல ரெண்டு கட்சி இருக்கு. எங்க ஊர்ல எதுலதான் ரெண்டு கட்சி இல்லை? பழைய பெயின்ட் மெலிசு, அதனாலதான் கட்டை நன்னா பேசறதுங்கறா ஒரு கட்சி. கட்டை கட்டைதான், மேல்பூச்சுல என்ன இருக்குங்கறா இன்னொரு கட்சி. நான் இன்னும் எந்தப் பக்கமும் சேரலை."

பிறகு ஒரு தொகை சொன்னார். அண்ணன் சகாயநாதன் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஒரு வருஷம் முழுக்க வேலை செய்தாலும் அவ்வளவு வராது. "சித்திரைத் தேருக்கு வருவேன். அப்போ பணத்தோட வரேன். அதுவரைக்கும் இது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணனிடம் பேட்ரிசியா தொகையைச் சொன்னாள். மிச்சத்தையும் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் சகாயநாதன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"இந்தக் கோலத்துல பார்த்தே இவ்வளவு குடுக்கறேங்கறானா! அப்ப நல்லா ஒரு பெயின்ட் அடிச்சு வச்சா?"

அண்ணி ரோசம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதானே! ஒண்ணரை மடங்கு கேக்கலாமே."

சகாயநாதனைக் குறை சொல்வதற்கில்லை. பொன்மலைக்கு எத்தனை லட்சணமாக ஒரு ரயில் பெட்டி உள்ளே வந்தாலும், புதுப் பெயின்ட் இல்லாமல் அது வெளியே போய் அவன் பார்த்ததில்லை. பெயின்ட் அடித்தால் மதிப்பு குறையும் என்று அவனிடம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருப்பான். போதாததற்கு, "உன் கல்யாணத்துக்கு ஆச்சு பேட்ரி. இனிமே எவன் என்ன கேட்டாலும் நான் தலை குனிய வேண்டியதில்லை" என்று கண் கலங்கச் சொன்னான். தங்கையின் கிட்டாரை விற்றுத் தங்கைக்குக் கல்யாணம். அதில் கோளாறு இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

பேட்ரிசியா திறந்த வாயை மூடிக்கொண்டாள். கிட்டாரைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. அது போய்விட்டால் தன்னிடம் இருப்பது இரவு பகல் ஷிஃப்ட்டும் ஹலோ ஹலோவும் மட்டும்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லவும் வரவில்லை. அண்ணனே பெயின்ட் அடித்துவிட்டால் சம்பத் வாங்க மாட்டார். சும்மா இருந்தாலே போதும், கிட்டார் வீட்டிலேயே இருக்கும்.

அப்புறம்தான் சம்பத் சொன்ன அந்த முதல் கட்சியின், பழைய பெயின்ட்டால்தான் கட்டை பேசுகிறது என்ற கட்சியின், ஞாபகம் வந்தது. பெயின்ட்டோடு சத்தமும் போய்விட்டால்? கிட்டாரைக் காப்பாற்றுவதற்காகச் செய்யும் காரியம், கிட்டாரின் உயிரையே எடுத்துவிட்டால்?

தவக்காலம் வந்தது. அந்த நாற்பது நாளும் கோயிலில் வாத்தியங்கள் அடங்கிவிடும் என்பதால், பெயின்ட் வேலைக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்றான் சகாயநாதன். கம்பிகளையும் உள்ளே இருந்த ஒயர்களையும் அவனே கழற்றினான். வெறும் உடம்பாக நின்ற கிட்டாரைத் துண்டில் சுற்றி, பக்கத்துத் தெருவில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசும் செபஸ்தியானிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் பேட்ரிசியா நேராக அங்கேதான் போனாள். செபஸ்தியானின் கொட்டகையில் கை ஒட்டாத அந்தோணியார் ஒருவரும், மூக்கு உடைந்த சூசையப்பர் ஒருவரும் ஈஸ்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து அவர் உப்புத்தாளால் கிட்டாரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு போயிருந்தது. சிவப்புக்கு அடியில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் தேன் நிறம், அதற்கும் அடியில் கட்டை. இத்தனை வருஷம் மடியில் வைத்து வாசித்த பொருளுக்குள் இப்படி ஒரு தேன் நிறம் இருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தில் கொஞ்ச நேரம் பயம்கூட மறந்துபோயிற்று.

குனிந்து, தேய்த்த பக்கத்தை விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். தேய்க்காத பக்கத்தை ஒரு தட்டு. திரும்பத் திரும்பத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள்.

"என்னம்மா, தேங்காய் வாங்கற மாதிரி தட்டறீங்க?" என்றார் செபஸ்தியான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், பிடிக்கலையா? வேணாம்னா இத்தோட நிறுத்திடறேன். இந்தப் பக்கம் இன்னும் தொடலை" என்றார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதிச் சிவப்பு மிஞ்சும். ஆனால் ஏன் நிறுத்தினாய் என்று அண்ணன் கேட்பான், அதற்கு அவள் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கும்.

"இல்லைங்க, செய்யுங்க. மெலிசாப் பூசுங்க. ரொம்ப ரொம்ப மெலிசா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பேசாமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா என்ற கேள்வி அவளை அந்த நாற்பது நாளும் அரித்தது. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் கேட்டிருக்கலாம். பதில் சொல்லிவிடுவாரே என்று பயந்து கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முதல் நாள் கிட்டார் வீடு வந்தது. நீலம். செபஸ்தியான் கையில் நல்ல பெயின்ட் என்று மிஞ்சியிருந்தது மாதாவின் மேலங்கிக்குக் கலக்கிய நீலம்தான். "கடையில வாங்கினாக்கூட இப்படிக் கிடைக்காது" என்று சகாயநாதன் பூரித்துப்போனான். ரோசம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சகாயநாதனே ஒயர்களையும் கம்பிகளையும் மறுபடி மாட்டினான். அன்று ராத்திரி பாஸ்கா பூசையில் கூட்டத்தில் பாதிப் பேர் பாட்டுக் குழுவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதெல்லாம் சரி, சத்தம்? அதுதான் பேட்ரிசியாவுக்குத் தெரியவில்லை! கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்த்தாள். அப்பா ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் சொல்லிச் செய்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்துப் பார்த்தாள். ஒரு நாள் அதே சத்தம் என்று தோன்றும், மறுநாள் ஏதோ குறைகிறது என்று தோன்றும். எந்த ஊர் லைனையும் இரைச்சலில் கண்டுபிடிக்கிற காது, சொந்தக் கிட்டார் விஷயத்தில் கை விரித்துவிட்டது. ஆசையும் பயமும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டால் காது என்ன செய்யும், பாவம்.

சித்திரைத் தேருக்கு மறுநாள் சம்பத் வந்தார். சகாயநாதன் அன்று லீவு போட்டுவிட்டு, வெள்ளை வேட்டியோடு காத்திருந்தான். கலர் சோடா கொடுத்து உபசரித்தபின், உள்ளே போய்க் கிட்டாரை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினான்.

சம்பத்தின் கை அதை வாங்க நீளவில்லை.

"பெருமாளே" என்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "யாரு சுவாமி இப்படிப் பண்ணினா?"

"ஏன் சார், கலர் பிடிக்கலீங்களா?"

"அந்தச் சிவப்புக்குத்தானே அத்தனை பணம் சொன்னேன்! எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்னு இவாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேனே!"

சகாயநாதன் மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். பேட்ரிசியா சுவரைப் பார்த்தாள். ஆனது ஆயிற்று, இனி இவர் எழுந்து போய்விடுவார், அண்ணன் நாலு நாள் பேசமாட்டான், கிட்டார் தங்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சம்பத் எழுந்து போகத்தான் கிளம்பினார். வாசல்வரை போனவர், வாத்தியக்காரர் புத்தி யாரை விட்டது, திரும்பி வந்தார். "ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துடறேன்" என்று ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார்.

முதலில் ஒற்றைக் கம்பியை மட்டும் மீட்டிவிட்டு, அது ஓய்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கல்யாணியில் மெதுவாக இறங்கினார். கமகத்துக்குக் கம்பி வளைந்து வளைந்து கொடுத்தது. பேட்ரிசியா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வேறொருவர் கை வாசிக்கும்போது அவள் காது பழையபடி அவளுடையதாகிவிட்டது. அதே குரல். அப்பா வாசித்தபோது கேட்ட அதே குரல், ஒரு இழைகூடக் குறையவில்லை. அவளுக்கு எழுந்து குதிக்கவேண்டும் போல இருந்தது.

சம்பத் கண்ணைத் திறந்தார். "நான் ஒரு கட்சியில சேர்ந்தாச்சு" என்றார். "சத்தம் கட்டையிலதான் இருக்கு. பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன். வெளிதேசத்துக்கு அனுப்ப இல்லை, நான் வாசிக்க. அந்தச் சிவப்போட இருந்திருந்தா பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கணும், ஒரு கீறல் விழுந்தா பிராணன் போயிடும். இதுன்னா தைரியமா தினம் ஸ்டுடியோவுக்குத் தூக்கிண்டு போவேன். எனக்கு இப்படி ஒண்ணுதான் வேணும்."

சத்தம் போயிருந்தால் அவர் போயிருப்பார். சத்தம் பிழைத்ததால் கேட்கிறார். சத்தமும் பிழைக்கும், கிட்டாரும் தங்கும் என்று இத்தனை நாள் எந்த நம்பிக்கையில் ஜெபம் செய்தோம் என்று பேட்ரிசியாவுக்கே விளங்கவில்லை.

சகாயநாதன் முகத்தில் மறுபடி உயிர் வந்தது. பாதி என்றாலும் பெரிய தொகைதான். ஆனால் அவன் உடனே சரி என்று சொல்லவில்லை.

"என்ன பேட்ரி, குடுத்துடலாமா?" என்றான். அவன் அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இனி யார் பின்னாலும் ஒளிய முடியாது.

"வேணாம்ணே. எனக்கு வேணும்" என்றாள். "முதல் நாளே எனக்குக் குடுக்க மனசில்லை. அதான் பெயின்ட் விஷயத்தை உங்கிட்ட சொல்லலை. நீ அடிச்சிட்டா அவர் வாங்கமாட்டார்னு சும்மா இருந்துட்டேன்."

ரோசம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சம்பத் ஒயரைக் கழற்றி, கிட்டாரைக் கொண்டுவந்து பேட்ரிசியாவின் மடியில் வைத்தார். "உங்களோடதுதான். நன்னா வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"வேணும்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன பேட்ரி? நான் பிடுங்கிட்டா போயிருப்பேன்? கல்யாணத்துக்கு வேற வழி பார்த்திருப்பேன்" என்றான். "அப்பாவோட சிவப்பாவது மிஞ்சியிருக்கும்ல."

அந்தச் சிவப்புக்காக பேட்ரிசியா அன்றைக்குத்தான் அழுதாள்.