உள்ளே பெயிண்ட் அடிக்காதே

ஆயுத பூஜை அன்று காலையில் ரகுராமுக்கு வந்த கோபத்துக்கு ஒரு பெட்டிதான் காரணம். அலுமினியப் பெட்டி, சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரை வைத்து மூட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்த 'அவ்வளவுதான்' முடிய ஆறு வாரம் ஆகியிருந்தது.

ஆம்ப்ளிஃபையர் அவர் மனைவி உஷாவுக்கு. அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு மாடி ஹாலில் உஷா ஒன்பது வருஷமாகக் கன்னடம் பேசச் சொல்லிக் கொடுத்து வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, ஆட்டோக்காரரிடம் வாயைத் திறக்க முடியாமல் முழிக்கிற கம்ப்யூட்டர்காரர்கள், செக்யூரிட்டிகள், நர்ஸுகள்தான் அவள் மாணவர்கள். ஏப்ரலில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று, கூடவே பாதிக் குரலும் போயிற்று. ஜூனில் ஒரே ஒரு வகுப்பு எடுத்துப் பார்த்தாள். பின்வரிசையிலிருந்து "மேடம், கேக்கல" என்றார்கள். மூன்றாவது தடவை அதைக் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விஜயதசமிக்குப் புது பேட்ச் சேர்ந்திருந்தது. ரகுராம் கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"ஒரே ஒரு நாள் வரேன். அன்னைக்கும் எவனாவது கேக்கலன்னு சொன்னா அதோட சரி. அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது" என்று சொல்லியிருந்தாள் உஷா. சொன்னால் சொன்னதுதான், அவள் வம்சமே அப்படி.

கடையில் ஒரு மைக் செட் வாங்கித்தான் முதலில் பார்த்தார்கள். அதில் பேசிப் பார்த்த உஷா, "வெங்காயம் விக்கிற வண்டி மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டாள். டெலிபோன் ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவருக்கு ரோஷம் வராதா? "நானே பண்றேன் பாரு" என்று உட்கார்ந்தார். நாலே நாளில் குரல் தேன் மாதிரி வந்தது. ஆனால் திறந்து கிடந்த சர்க்யூட் போர்டு, பக்கத்தில் ஒரு மொபைல் வந்தால்கூட உறுமியது. உலோகப் பெட்டிக்குள் போட்டு, பெட்டி முழுவதையும் எர்த்தோடு சேர்த்தால்தான் அடங்கும்.

அங்கேதான் சனி பிடித்தது. பொம்மனஹள்ளியில் தகடு வெட்டி வளைத்துப் பெட்டி செய்கிற டிரேவர் என்பவரிடம் வரைபடத்தைக் கொடுத்தார். முதல் பெட்டியை எதிர்ப்பக்கமாக வளைத்துவிட்டார்கள். வலது பக்கம் இருக்க வேண்டிய வால்யூம் ஓட்டை இடது பக்கம் வந்து பல்லிளித்தது. இரண்டாவது பெட்டியில், உள்ளளவு என்று எழுதியதை வெளியளவாக எடுத்துக்கொண்டார்கள். போர்டு மூன்று மில்லிமீட்டருக்கு வெளியே நின்றது. "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்றார் டிரேவர். மூன்று மில்லிமீட்டரை எப்படி ஐயா அட்ஜஸ்ட் செய்வது, போர்டைப் பட்டினி போட்டா?

மூன்றாவது பெட்டி பூஜைக்கு முந்தின நாள் வந்தது. கச்சிதம். மயில்நீலத்தில் வழவழவென்று பெயிண்ட். ரகுராமே அசந்துபோனார். காலையில் போர்டை உள்ளே வைத்துத் திருகாணிகளை முடுக்கி, ஸ்விட்சைப் போட்டார். ங்ங்ங்ங் என்று ஒரு இரைச்சல், முன்னைவிட ஜாஸ்தி.

மூடியைத் திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. உள்ளேயும் மயில்நீலம். விளிம்பு, திருகாணி ஓட்டை, எர்த் ஒயர் உட்காருகிற இடம், ஒன்று பாக்கியில்லை. தகடு தகட்டைத் தொட்டால்தானே எர்த் ஆகும்? நடுவில் பெயிண்ட் பாய் விரித்துப் படுத்திருந்தது. பெட்டியை மேஜையிலேயே போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய் டிரேவருக்கு போன் போட்டார்.

"இன்னா சார், ஹாப்பி ஆயுத பூஜா!"

"என்னய்யா ஹாப்பி? உள்ளே பெயிண்ட் அடிக்காதேன்னு எழுதிக் கொடுத்தேனா இல்லையா?"

"எழுதினீங்க சார். அந்த எடத்துலல்லாம் டேப் ஒட்டித்தான் அனுப்பினேன். பெயிண்ட் அடிக்கிறவன், டேப்போட பார்த்தா அழுக்கா இருக்குன்னு பிச்சிப் போட்டு நீட்டா அடிச்சிட்டான். உங்களுக்காக ரெண்டு கோட்டு சார்."

"யோவ், நாளைக்குக் காலையில எனக்கு வேணும். இப்பவே கொண்டுவரேன், சுரண்டிக் கொடு."

"இன்னிக்கா? நான் சர்ச்சுக்குப் போறவன்தான். ஆனா மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் ஒடச்சாச்சு. இன்னிக்கு நான் ஒரு அரத்தைத் தொட்டேன்னா நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கு வர மாட்டான். வீட்லயே உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க சார், பத்து நிமிஷ வேலை."

கால் மணி நேரம் கத்திவிட்டு உள்ளே வந்தால் மேஜை காலியாக இருந்தது. சாமி அலமாரிக்கு முன்னால், உஷாவின் கன்னட இலக்கணப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் பெட்டி உட்கார்ந்திருந்தது. வால்யூம் குமிழில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்தி. அவருடைய டூல் பாக்ஸும் அதே கோலத்தில் இருந்தது. கற்பூரம்கூட அணைந்துவிட்டது.

"உஷா, அதை எடு. பெயிண்டைச் சுரண்டணும்."

"பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். ஃபேக்டரில ஆயுத பூஜை அன்னைக்கு என்னிக்காவது ஸ்பேனரைத் தொட்டிருக்கீங்களா?"

தொட்டதில்லை. மேனேஜரே வந்து கேட்டும் தொட்டதில்லை. அந்தக் கதையை நூறு தடவை பெருமையடித்தவரும் இவரேதான். தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட எரிச்சலில் ரகுராம் குரலை உயர்த்தினார்.

"மூணு தடவை சில்க் போர்டு டிராஃபிக்ல நாயா அலைஞ்சது யாருக்காக? நாளைக்கு இது இரைஞ்சுதுன்னா உன் பேச்சு யாருக்குக் கேக்கும்?"

உஷா சாமி படத்தைப் பார்த்தபடியே ஏதோ சொன்னாள். கீழே தெருவில் எவனோ வாழைக்கன்று கட்டிய டெம்போவில் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன? சத்தமாச் சொல்லு. கேக்கல!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. உஷா திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய், என்ன சொன்னாய் என்று மூன்று தடவை கேட்டார். "ஒண்ணுமில்ல" என்று மட்டும் பதில் வந்தது. கடைசி வரிசைக்காரன் சொன்னால் அந்நியன் சொன்னதாகப் போகும். கட்டினவனே சொன்னால்? டிரேவரை, பெயிண்ட்காரனை, டெம்போக்காரனை எல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு, அன்று முழுக்க ரகுராம் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் எழுந்து வந்தபோது உஷா குளித்து, மறுபூஜையை முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெட்டி, கையில் அரம். போனில் அவர் போட்ட கத்தலிலிருந்தே எங்கே சுரண்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டிருந்தாள். கரகரவென்று தேய்த்த வேகத்தில் அரம் நழுவி, முன்பக்கத்து மயில்நீலத்தில் நாலு கோடு இழுத்திருந்தது. ரகுராம் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மூலையிலயும் கொஞ்சம்" என்று மட்டும் சொன்னார்.

மூடியை முடுக்கி ஸ்விட்சைப் போட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து பார்த்தால் பெட்டியின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உஷா மைக்கைப் புடவையில் குத்திக்கொண்டாள். சந்தனத்தைத் துடைக்கும்போது குமிழ் முழுசாகத் திரும்பியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"நேத்து என்ன சொன்னேன்னு கேட்டீங்கல்ல?"

வீடே அதிர்ந்தது. உஷாவும் திடுக்கிட்டாள். ஆனால் நிறுத்தவில்லை.

"கிளாஸுக்கு நீங்களும் வந்து முன்வரிசையில உக்காருங்கன்னு சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு."

கீழ் வீட்டு ஜன்னல் திறந்தது. "வரேன்னு சொல்லுங்க அங்கிள்!" என்று அந்த வீட்டுப் பெண் மௌரீனின் குரல் வந்தது.

"வரேன்!" என்று கீழ் வீட்டுக்கும் சேர்த்துக் கத்தினார் ரகுராம். வகுப்புக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அவர் எழுந்துபோய் சட்டையைத் தேட ஆரம்பித்தார்.